நடுவில் அமுக்கிய ட்யூப்

மார்ச் 4, செவ்வாய்

தோல் டாக்டர் எழுதச் சொன்னார், எழுதுகிறேன். தினமும் அரிப்புக்குப் பத்துக்கு எத்தனை, எதைத் தொட்டேன், எப்படித் தூங்கினேன். எனக்கு டைரி எழுதும் பழக்கம் கிடையாது. இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் எழுதத் தெரியும். அதே மாதிரி எழுதினால் போதும் என்று நினைக்கிறேன்.

பெயர் தரணிதரன். வயது இருபத்தெட்டு. மெக்கானிக்கல் டிப்ளமோ. கோயமுத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு. கடைசல் மெஷினிலிருந்து வரும் பம்ப் தண்டை, அதாவது ஷாஃப்டை, மைக்ரோமீட்டரில் அளந்து, சரி அல்லது ரிஜெக்ட் என்று சொல்வது வேலை. ஷாஃப்ட், சூடு தணிக்க ஊற்றும் கூலன்ட் எண்ணெயில் நனைந்துதான் கைக்கு வரும்.

கோளாறு: இரண்டு கையிலும் விரல் இடுக்கு, உள்ளங்கை, மணிக்கட்டு. வெடிப்பு, நீர்க் கசிவு, அரிப்பு. போன ஆடியில் தொடங்கியது.

டாக்டர் பெயர் ரெஜினா. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எக்ஸிமா என்றார். அம்மாவுக்குத் தெரிந்த பெயர் கரப்பான். எத்தனை நாளில் போகும் என்று கேட்டேன்.

"போயிரும்னு நான் சொல்லலைங்க. கட்டுக்குள்ள வச்சுக்கலாம்."

ஒரு மெஷின் சர்வீஸ்காரன் என்னிடம் இப்படிச் சொல்லியிருந்தால் கேட்டுக்கு வெளியே அனுப்பியிருப்பேன்.

வீட்டில் வேறு யாருக்காவது மூச்சிரைப்பு, அடுக்குத் தும்மல், இந்த மாதிரித் தோல் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். தங்கை யமுனாவுக்குச் சின்ன வயதில் முழங்கை மடிப்பில் வந்தது சூட்டுக் கொப்புளம். பெரியவளானதும் போய்விட்டது. கணக்கில் வராது.

அரிப்பு: 7.

மார்ச் 9, ஞாயிறு

யமுனாவைப் பெண் பார்க்கப் பொள்ளாச்சியிலிருந்து வந்தார்கள். ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறாள். மாப்பிள்ளை சபரிநாதன். அப்பா இல்லை. அம்மாவும் அவருமாகத் தென்னை நார் மில் நடத்துகிறார்கள். அவர் அதிகம் பேசவில்லை. அவர் பேச வேண்டியதையும் சேர்த்து அவருடைய அம்மாவே பேசிவிட்டார்.

அவர்கள் வருவதற்கு முன்பே எனக்கு அம்மாவின் உத்தரவு வந்துவிட்டது. கையை வெளியே நீட்டாதே, பலகாரத் தட்டைத் தொடாதே. மாப்பிள்ளை கைகொடுக்க வந்தபோது கும்பிட்டுவிட்டேன். அந்த அம்மா கவனித்துவிட்டார்.

"தம்பிக்குக் கையில என்னங்க?"

"கம்பெனி எண்ணெய் ஒத்துக்கலீங்க. ரெண்டு வாரத்துல போயிருமுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க" என்றாள் அம்மா. டாக்டர் அப்படி எதையும் சொல்லவில்லை.

"ஒட்டிக்கிற மாதிரி ஒண்ணுமில்லையே?"

"ஒட்டாது" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. அப்பா தொண்டையைச் செருமினார்.

அவர்கள் போனபிறகு யமுனா சிரித்துக்கொண்டே வந்தாள். "நீ கும்பிட்டதுல அவரு மிரண்டுட்டாருண்ணா. ஓட்டுக் கேக்க வந்தவனாட்ட இருந்துச்சு."

சாயங்காலம் போன் வந்தது. பெண் பிடித்திருக்கிறதாம்.

அரிப்பு: 6. தொட்டது: எதுவும் தொடவில்லை. தொட விடவில்லை.

மார்ச் 17, திங்கள்

டாக்டர் கொடுத்த ஆயின்மென்ட் ட்யூபை நான் அடியிலிருந்து சுருட்டிக்கொண்டு வருவேன். எதையும் அப்படித்தான் செய்வேன். இன்று எடுத்துப் பார்த்தால் நடுவில் ஒரு பள்ளம். யாரோ அமுக்கியிருக்கிறார்கள். போன ட்யூப் சீக்கிரமே தீர்ந்துபோனதற்கும் இதுதான் காரணம். மருந்துக்கடையில் குறைவாக அடைத்து விற்கிறார்கள் என்று போன வாரம்தான் கடைக்காரரோடு சண்டை போட்டேன்.

ஹாலில் நின்று கேட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கவில்லை. யமுனா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நாந்தாஞ் சாமி. குதிங்கால்ல வெடிப்பு" என்றார் அப்பா. பார்வையை டிவியிலிருந்து எடுக்கவில்லை.

கண்ட மருந்தைக் கண்ட இடத்தில் தடவுவார்களா, இது என்ன தேங்காய் எண்ணெயா என்று கத்தினேன். முப்பது வருஷம் நூல் மில்லில் வேலை பார்த்தவர். மெஷினில் கிரீஸ் மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? டிவியைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் தூங்கும்போது குதிகாலைப் பார்த்தேன். வெடிப்பு பெரிதாக ஒன்றும் இல்லை. ஆறியிருக்கும்.

மார்ச் 26, புதன்

படுக்கை விரிப்பில் ரத்தப் பொட்டுகள். அம்மா பார்ப்பதற்குள் நானே துவைத்தேன். சோப்புப் பட்டதால் அரிப்பு 8. துவைக்காவிட்டால் அம்மா பார்ப்பாள், துவைத்தால் கை எரியும். இதற்கு டாக்டர் எதுவும் எழுதித் தரவில்லை.

ஏப்ரல் 2, புதன்

நான் பாஸ் செய்து அனுப்பிய ஷாஃப்ட் ஒரு பெட்டி முழுக்கத் திரும்பி வந்திருக்கிறது. மெருகேற்றிய இடத்தில் துரு. துரு என்றால் பொதுவான துரு இல்லை. விரல் வைத்துத் தூக்கிய இடத்தில் மட்டும், விரல் அளவில், பழுப்பாக. என் கையில் கசியும் நீர் பட்டு ஒரே ராத்திரியில் இரும்பு துருப்பிடித்திருக்கிறது. மேனேஜர் ஒன்றைக் கையில் எடுத்து என் முன்னால் வைத்தார். நானே ரிஜெக்ட் சொல்ல வேண்டிய பீஸ்.

என்னை பேக்கிங்கிற்கு மாற்றிவிட்டார்கள். தற்காலிகமாம். மைக்ரோமீட்டரை ஒரு ஐ.டி.ஐ. பையன் வைத்திருக்கிறான். பிடிக்கவே தெரியவில்லை அவனுக்கு.

கேன்டீனில் ஸ்பூனால் சாப்பிட்டேன். சாம்பார் சோற்றைக் கையால் பிசைந்தால் வெடிப்பில் புளி இறங்குகிறது. பேக்கிங்கில் இருக்கும் ஸ்டீபன் எதிரில் உட்கார்ந்து, "என்னடா, தொரை வீட்டுப் பழக்கமா?" என்றான். கையைக் காட்டினேன். அப்புறம் சிரிக்கவில்லை. அவன் மாமனாருக்கு இதே மாதிரி இருந்ததாம். சூலூர்ப் பக்கம் ஓர் ஆள் ஊசி போடுவாராம். போட்ட மூன்றாம் நாள் தோல் புதுசாகிவிடுமாம். என்ன ஊசி என்று கேட்டேன். "அது எதுக்கு உனக்கு? போயிரும், அவ்வளவுதான்" என்றான்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. உறுதி செய்துகொள்ளப் பொள்ளாச்சி போனோம். ஜூன் எட்டாம் தேதி கல்யாணம். அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப்போவது பெண்ணின் அண்ணன்தான். மாப்பிள்ளையின் அம்மா அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "அதுக்குள்ள சரியாயிருமில்லீங் தம்பி?"

ஆகிவிடும் என்றேன். ஒரு தேதி கிடைத்துவிட்டது. இனி அதற்குள் முடிக்க வேண்டிய வேலை.

பஸ்ஸில் அனல். யமுனா மணிக்கட்டு வரை கை வைத்த சுடிதார் போட்டிருந்தாள். இந்த வெயிலில் எதற்கு என்று கேட்டேன். இப்போது இதுதான் ஃபேஷனாம்.

ஏப்ரல் 25, வெள்ளி

டாக்டரிடம் போனேன். முன்னைவிடப் பரவாயில்லை என்கிறார். அவருக்கு வெடிப்பின் ஆழம் தெரிகிறது. எனக்குத் தேதி தெரிகிறது. சோப்பு வேண்டாம், குளித்த ஈரம் காய்வதற்குள் வாசலின், பருத்தி உறை போட்டு அதற்கு மேல் ரப்பர் உறை, கூலன்ட் பக்கமே போகாதீர்கள். இதையே எத்தனை தடவை சொல்வார்? சீக்கிரம் போக ஊசி, மாத்திரை எதுவும் இல்லையா என்று கேட்டேன்.

"இருக்கு. ஆனா நிறுத்துனதும் ரெண்டு மடங்காத் திரும்பி வரும். உங்களுக்கு வேண்டாங்க."

நேராகச் சொல்லிவிட்டேன், நீங்கள் மெதுவாக வேலை செய்கிறீர்கள் என்று. கோபப்படவில்லை. "தோலு மெதுவாத்தான் வேலை செய்யும்" என்றார்.

மே 2, வெள்ளி

புது ட்யூப். நடுவில் பள்ளம். இந்த முறை யாரையும் கேட்கவில்லை.

மே 11, ஞாயிறு

மொட்டை மாடியில் யமுனா தலை காயவைத்துக்கொண்டிருந்தாள். கையை மேலே தூக்கியபோது நைட்டியின் கை வழுகி இறங்கியது. முழங்கை மடிப்பில் இரண்டு பக்கமும் தோல் தடித்துக் கறுத்து, நடுவில் சிவப்பு. கழுத்தின் பின்பக்கமும் இருக்கிறது. முடியைப் போட்டு மறைத்திருக்கிறாள்.

எவ்வளவு நாளாக என்று கேட்டேன்.

"தைப் பொங்கலுக்கு முன்னாடி இருந்தே. திரும்பி வந்துருச்சு."

"திரும்பின்னா? உனக்கு முன்னாடி வந்தது சூட்டுக் கொப்புளம்."

"அண்ணா, எங் கைக்கு சாக்ஸ் மாட்டிக் கயிறு கட்டி விட்டது யாரு? சூட்டுக் கொப்புளத்துக்கு யாராச்சும் சாக்ஸ் மாட்டுவாங்களா?"

அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அம்மாவுக்கும் தெரியும். ட்யூபை அமுக்கியதும் அவள்தான், பழியை ஏற்றுக்கொண்டது அப்பா. என்னிடம் மட்டும் சொல்லவில்லை. நான் தாம்தூம் என்று குதிப்பேனாம், தெருவுக்கே கேட்குமாம்.

பிறகு அவள் விஷயத்துக்கு வந்தாள். சபரிநாதனிடம் சொல்லிவிட வேண்டும், கல்யாணத்துக்கு முன்பே. அதை நான் பேச வேண்டும். "நீதான் எதையும் மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆளு. நாஞ் சொன்னா அழுதுருவேன். நீ சொன்னா ஒரு வியாதிக்கு என்ன உண்டோ அது மட்டுந்தான் இருக்கும்."

வேண்டாம் என்றேன். அண்ணனுக்கு இருப்பதைப் பார்த்தே அந்த அம்மா ஒட்டுமா என்று கேட்டார். பெண்ணுக்கும் என்றால் பத்திரிகை அடிப்பதற்கு முன்பே நிறுத்திவிடுவார். கல்யாணம் முடியட்டும், பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம்.

"பீஸ்ல குத்தம் இருந்தா வண்டி ஏத்துறதுக்கு முன்னாடியே சொல்லணும்னு நீதானே சொல்லுவே?"

"நீ பீஸ் இல்ல பாப்பா."

நல்ல பதில் சொல்லிவிட்டதாக அப்போது நினைத்தேன். அவள் துவாலையை உதறிக் கொடியில் போட்டுவிட்டுக் கீழே போய்விட்டாள்.

மே 30, வெள்ளி

டாக்டரிடம் போக வேண்டிய நாள். போகவில்லை. ஸ்டீபனிடம் விலாசம் வாங்கிக்கொண்டு யமுனாவை பைக்கில் ஏற்றி சூலூர்ப் பக்கம் போனேன். வாசலில் போர்டு இல்லை. உள்ளே இருபது பேர். ஆளுக்கு ஒரே ஊசி. மருந்தின் பெயரைக் கேட்டேன், சீட்டைக் கேட்டேன். "தம்பி படிச்ச ஆளோ?" என்று சிரித்தார் அவர். சீட்டு கொடுக்கவில்லை. கம்பெனியில் சர்டிஃபிகேட் இல்லாத இரும்பை உள்ளே விடமாட்டேன் நான்.

முதலில் நான் போட்டுக்கொண்டேன். பிறகு யமுனா.

வரும் வழியில் இளநீர் குடிக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

ஜூன் 3, செவ்வாய்

அரிப்பு: 0.

ஒரு வருஷம் கழித்து பூஜ்யம் எழுதுகிறேன். வெடிப்பு மூடிவிட்டது. உள்ளங்கை இளஞ்சிவப்பாக, வழவழவென்று இருக்கிறது. மூன்று மாதம் வாசலின் தடவி நடக்காதது மூன்று நாளில் நடந்திருக்கிறது. எலுமிச்சம்பழம் நறுக்கிக் கையாலேயே பிழிந்தேன். ஒன்றும் எரியவில்லை. இன்னொன்றும் பிழிந்தேன். வீட்டில் யாருக்கும் ஜூஸ் தேவைப்படவில்லை.

யமுனா அரைக்கை சட்டை போட்டுக்கொண்டு பாட்டுப் போட்டு வீடு துடைத்தாள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா மட்டும் என்னிடம் வந்து, "என்ன ஊசி சாமி அது?" என்று கேட்டார். நல்ல ஊசி என்றேன்.

ஜூன் 9, திங்கள்

கல்யாணம் முடிந்தது. முந்தின நாள் நலங்கு. பத்துப் பதினைந்து பெண்கள் மஞ்சளும் பயத்தமாவும் வைத்து யமுனாவின் கையையும் கழுத்தையும் தேய்த்துத் தள்ளினார்கள். ஒன்றும் ஆகவில்லை. தோல் தாங்கியது.

மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போனேன். அவர் உள்ளங்கை வியர்த்திருந்தது. என் கை உலர்ந்து சுத்தமாக இருந்தது. அவருடைய அம்மா என் கையைத்தான் பார்த்தார், மாப்பிள்ளையை இல்லை. பார்த்துத் திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

வண்டி கிளம்பும்போது யமுனா என் பக்கம் திரும்பவில்லை. அழவும் இல்லை.

ஜூன் 27, வெள்ளி

திரும்பி வந்துவிட்டது. கையில் மட்டும் இல்லை. கால், கழுத்து, கண் இமை. அரிப்பு: 10.

ஜூன் 30, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. சட்டை உடம்பில் ஒட்டிக்கொண்டு வருகிறது.

டாக்டர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "யாருங்க ஊசி போட்டது?"

சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். எழுதிக்கொண்டே, வீட்டில் வேறு யாரையும் அங்கே கூட்டிப் போகவில்லையே என்றார்.

"இல்லீங்க. நான் மட்டுந்தான்."

வெளியே வந்து யமுனாவுக்கு போன் செய்தேன். நன்றாக இருக்கிறாளாம். மாமியார் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாராம். மில்லில் புது மெஷின் வந்திருக்கிறதாம். அவள் பேசும்போது இடையிடையே ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த ஓலையைத் தரையில் இழுக்கிற மாதிரி. நிற்கும், மறுபடி வரும்.

என்ன சத்தம் என்று நான் கேட்கவில்லை. தெரிந்த சத்தம்தான், ராத்திரியில் என் படுக்கையிலும் கேட்பது.

ஜூலை 5, சனி

யமுனா வந்துவிட்டாள். தனியாக, பஸ்ஸில், ஒரு பையோடு. கைகளைத் துப்பட்டாவுக்குள் சுற்றிவைத்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. நான் கதவைத் திறந்தேன். என் இமையை அவள் பார்த்தாள், அவள் இமையை நான் பார்த்தேன்.

எதிர்வீட்டு ருக்மணியக்கா வாசலுக்கே வந்துவிட்டார். "என்ன கண்ணு, மாசம் பொறக்கறதுக்குள்ள வந்துட்டே?" புதுப் பெண்ணை ஆடிக்குத்தான் பிறந்த வீட்டுக்கு அழைப்பார்கள். ஆடிக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அம்மா முந்திக்கொண்டாள். "ஆடிக்குத்தாங்க்கா. சித்த முன்னாடியே கூட்டியாந்துட்டோம்."

உள்ளே வந்து கேட்டோம். கொஞ்சம்தான் சொன்னாள். முதலில் துவாலை தனியாக வந்ததாம். அப்புறம் தட்டு, டம்ளர். ஒருநாள் சப்பாத்தி மாவு பிசையும்போது மாமியார் பாத்திரத்தை மெதுவாக அவளிடமிருந்து நகர்த்தி எடுத்துக்கொண்டாராம். கோபமாக இல்லை, மெதுவாக. அதன்பிறகு உறவுக்காரர்கள் வந்து உட்கார்ந்து பேசினார்களாம், மறைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று.

"மாப்பிள்ள என்ன சொன்னாரு?" என்றேன்.

"அவருக்கு ஒண்ணுந் தெரியாதுண்ணா. அவர விடு."

ஜூலை 8, செவ்வாய்

யமுனாவை டாக்டர் ரெஜினாவிடம் கூட்டிப் போனேன். எப்போதிலிருந்து என்று கேட்டார். ஏழு வயதிலிருந்து என்றாள் யமுனா. சாக்ஸ் கதையையும் சொன்னாள், சிரித்துக்கொண்டே. ஒரு சாக்ஸில் ஓட்டை இருக்குமாம், நான் அந்த விரலுக்கு மட்டும் தனியாகத் துணி சுற்றிவிடுவேனாம். டாக்டரும் சிரித்தார். பிறகு என் ஃபைலை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தார். 'குடும்பத்தில்: இல்லை' என்பதை அடித்துவிட்டு மேலே எழுதினார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

இரண்டு பேருக்கும் ஒரே வைத்தியம். மெதுவான வைத்தியம்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. இனி அம்மா யாருக்கும் பொய் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் எல்லா வீட்டிலும் புதுப் பெண்கள் வந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் ஒருத்தி.

ஜூலை 29, செவ்வாய்

வீட்டில் இப்போது ஓர் ஒழுங்கு வந்துவிட்டது. காலையில் இரண்டு பேரும் வெதுவெதுப்பான நீரில் குளியல். ஆயின்மென்ட், அதன் மேல் வாசலின், அதன் மேல் ஈரத் துணி. அம்மா பழைய வேட்டிகளைக் கிழித்துச் சுருளாக வைத்திருக்கிறாள். வாரத்துக்கு இரண்டு தடவை அப்பா யமுனாவின் நகத்தை வெட்டுகிறார், ஒவ்வொரு விரலாகப் பிடித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு. பிறகு என்னைக் கூப்பிடுகிறார். நானே வெட்டிக்கொள்வேன் என்றேன். "குடு சாமி" என்றார். கொடுத்தேன்.

ட்யூப் விஷயத்தில் அவரிடம் கத்தியதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

யமுனாவின் போன் மேசையில் கிடக்கிறது. ஒலிக்கும்போதெல்லாம் நாலு பேரும் பார்க்கிறோம். ஜவுளிக்கடைக்காரர், இல்லையென்றால் கடன் வேண்டுமா என்று கேட்கும் பெண்.

ஆகஸ்ட் 9, சனி

அரிப்பு: 4. உனக்குப் பத்துக்கு எத்தனை என்று யமுனாவிடம் கேட்டேன். "அரிப்புக்கா, மத்ததுக்கா?" என்றாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி முதல் நாள். கூட்டிப்போக வருவார்கள் என்று அம்மா வாயால் சொல்லவில்லை. ஆனால் வாசலில் பெரிய கோலம். முறுக்கு, அதிரசம், டப்பாவில் அடைத்து வைத்தாகிவிட்டது. யமுனாவின் பையைத் துடைத்து ஹாலில் வைத்தாள். அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு காலையிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

யமுனா மட்டும் பழைய நைட்டியில் இருந்தாள். புடவை மாற்றிக்கொள் என்று அம்மா இரண்டு தடவை சொல்லிவிட்டு விட்டுவிட்டாள்.

யாரும் வரவில்லை. சாயங்காலம் அப்பா எழுந்து வேட்டியை மடித்துவைத்துவிட்டு லுங்கி கட்டிக்கொண்டார்.

ஆகஸ்ட் 20, புதன்

யாரிடமும் சொல்லாமல் பொள்ளாச்சி போனேன். வீட்டுக்குப் போகவில்லை, மில்லுக்குப் போனேன். நார் தூசி எங்கும் பறந்துகொண்டிருந்தது. சபரிநாதன் களத்தில் நின்று வண்டியில் கட்டு ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஆட்களை அனுப்பிவிட்டு, "வாங்க மச்சான்" என்று ஷெட்டுக்குள் கூட்டிப் போனார். டீ சொல்லட்டுமா என்றார். வேண்டாம் என்றேன்.

வழியெல்லாம் பேசிப் பார்த்துக்கொண்டு வந்ததை ஒப்பித்தேன். யமுனாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இது உண்டு. ஒட்டாது. உயிருக்கு ஒன்றுமில்லை. உங்களிடம் முன்பே சொல்லிவிடலாம் என்றுதான் அவள் சொன்னாள். நான்தான் வாயை மூடச் சொன்னேன். ஊசி போடக் கூட்டிப் போனதும் நான்தான். கோபம் இருந்தால் என்மேல் வைத்துக்கொள்ளுங்கள், அவளை விட்டுவிடுங்கள்.

அவர் ஒரு நார்க் கட்டின் மேல் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியும் மச்சான்."

"எப்ப தெரிஞ்சுது?"

"கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி. போன்ல சொன்னா. அழுதுட்டே சொன்னா. போட்டோ கூட அனுப்புனா."

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"எனக்கு அது ஒரு விஷயமே இல்லைன்னேன். நெசமாத்தான் சொன்னேன். ஆனா அம்மாவுக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம், கல்யாணம் முடியட்டும்னேன்."

கல்யாணம் முடியட்டும். நான் யமுனாவிடம் சொன்ன அதே வார்த்தை.

அப்புறம் உறவுக்காரர்கள் வந்து உட்கார்ந்த அன்று நடந்ததைச் சொன்னார். உனக்குத் தெரியுமா என்று அம்மா எல்லோர் முன்னாலும் கேட்டாராம். யமுனா பக்கத்தில் நின்றிருந்தாளாம்.

"தெரியாதுன்னுட்டேன்" என்றார். "வாயில அதுதான் வந்துச்சு. அவ என்னய ஒரு தடவ பாத்தா. அப்புறம் உள்ள போயிப் பையெடுத்துட்டா. யாரும் அனுப்பலீங்க மச்சான். அவளாத்தான் போனா."

'அவருக்கு ஒண்ணுந் தெரியாதுண்ணா.' எங்கள் வீட்டிலும் அவரைக் காப்பாற்றித்தான் பேசியிருக்கிறாள்.

இப்போது போய் உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், தெரியும் என்று சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன், இப்போதே போகலாம் என்றேன். நாலே வார்த்தை. அவர் வாசல் பக்கம் பார்த்தார். வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். "சொல்லணும்" என்றார். "கொஞ்சம் டைம் குடுங்க மச்சான்."

அவரை அறைய வேண்டும்போல இருந்தது. ஆனால் எதைச் சொல்லித் திட்ட வந்தாலும் அது என்மேலேயே வந்து விழுந்தது. அவர் எழுந்து கையை நீட்டினார். என் கையில் உறை இருந்தது. கழற்றிவிட்டுக் கொடுத்தேன். நார் தூசி வெடிப்பில் ஏறி, பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எரிந்தது.

அரிப்பு: எழுதவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

யமுனாவிடம் போய் வந்ததைச் சொன்னேன். ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"டைம் கேட்டாரா?"

"ம்."

"நீயும் அதத்தான் கேட்டே." கோபமாகச் சொல்லவில்லை. துணியின் நுனியை என் பக்கம் நீட்டினாள். "கட்டி விடு. ஒத்தக் கையில வரமாட்டேங்குது."

அவர் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்து கூப்பிட்டால் போவாயா என்று கேட்டேன். சொல்லட்டும், அப்புறம் யோசிக்கிறேன் என்றாள். சொல்லாவிட்டால்? முடிச்சு இறுக்கமாக இருக்கிறது, தளர்த்து என்றாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பொள்ளாச்சியிலிருந்து போன் இல்லை.

காலையில் யமுனா அரைக்கை சட்டையோடு வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை இன்னும் ஆறவில்லை. கறுப்பும் சிவப்புமாக, வெயிலில் நன்றாகவே தெரிந்தது. நான் பைக் துடைத்துக்கொண்டிருந்தேன். ருக்மணியக்கா எதிர்ப் படியில் நின்று கேட்டார்.

"என்ன கண்ணு, ஆடிக்கு வந்தவ ஆவணி பாதியாகியும் போகலியா?"

உள்ளே அம்மா பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. ஏதோ சொல்ல வெளியே வந்தாள். யமுனா முந்திக்கொண்டாள்.

"கரப்பான்க்கா. மறச்சுக் கட்டிக் குடுத்தாங்க. தெரிஞ்சுபோச்சு. அதான் போகல."

தெருவுக்கே கேட்டிருக்கும். ருக்மணியக்கா தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டார். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். யமுனா அடுத்த கீரைத் தண்டை எடுத்தாள். இலையை உருவி முறத்தில் போட்டாள்.

மறைத்தது யார் என்று யமுனா சொல்லவில்லை. நானும் எழுந்து சொல்லவில்லை. துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரிக்கான ஆயின்மென்ட் போட அலமாரியைத் திறந்தேன். ட்யூப் நடுவில் அமுங்கிக் கிடந்தது. நிமிர்த்தி அடியிலிருந்து சுருட்டக் கை போனது. அப்படியே வைத்துவிட்டேன்.